அயோடின் தடவிய கை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம். நேரம் குறைவு, விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

கம்யூனிச ஆட்சியில் போலந்து மக்களின் நம்பிக்கையைக் காத்தவர் யார், நாட்டுக்குள்ளேயே இருந்த கர்தினால் விஷின்ஸ்கியா, ரோமுக்குப் போய் இரண்டாம் ஜான் பால் என்ற பெயரில் திருத்தந்தையான, அதாவது போப்பான, வோய்த்திவாவா? நான் விஷின்ஸ்கி கட்சி. அவர் வகித்த க்னியெஸ்னோ பேராயர் பீடம் 1000-ஆம் ஆண்டில் அமைந்தது, பிற்காலத்தில் ஒரு மன்னர் இறந்து அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கும் வரை நாட்டைப் பார்த்துக்கொண்டவரே அந்தப் பீடத்தின் பேராயர்தான் என்றெல்லாம் குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன். அது கிடக்கட்டும். நான் ஒரு நாயைப் பற்றிப் பேசப்போகிறேன்.

1953 செப்டம்பர் 25, இரவு. வார்சாவில் மியோடோவா தெரு, பேராயர் இல்லம். அன்று மாலைதான் விஷின்ஸ்கி புனித அன்னா கோவிலில் பிரசங்கம் வைத்துவிட்டு வந்திருக்கிறார். ரகசியப் போலீஸ் வருகிறது. அந்த வீட்டில் ஒரு நாய், பேர் பாத்ஸா. போலந்தின் மலைப்பக்கத்தில் ஆட்டு மந்தைக்குத் தலைமை மேய்ப்பனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். மேய்ப்பனைப் பிடிக்க வந்தவர்களில் ஒருவரை மேய்ப்பன் பெயர் கொண்ட நாய் கடித்துவிட்டது!

இப்போது நீங்கள் அந்த வீட்டுக்காரர். நள்ளிரவை நெருங்கும் நேரம். உங்களைக் கைது செய்ய வந்தவனுக்கு ரத்தம் வருகிறது. என்ன செய்வீர்கள்? நானாக இருந்தால் நாய்க்குத்தான் சோறு வைத்திருப்பேன். விஷின்ஸ்கி என்ன செய்தார் தெரியுமா? வீட்டிலிருந்த கன்னியாஸ்திரி அயோடின் கொண்டுவர, தன் கையாலேயே காயத்தைக் கவனித்தார். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள் ஐயா, எங்கே கொண்டுபோகப் போகிறார்கள், திரும்பி வருவோமா, எதுவும் தெரியாது. வழக்கு இல்லை, விசாரணை இல்லை. ஆனால் அந்த மனிதர் குனிந்து, தன்னைப் பிடிக்க வந்தவனின் காயத்துக்கு மருந்து போட்டுக்கொண்டிருக்கிறார். அப்புறம் பெட்டி கட்டச் சொன்னார்கள். ஏழையாக இந்த வீட்டுக்கு வந்தேன், ஏழையாகவே போகிறேன் என்றார். கையில் எடுத்தது ஜெபமாலையும் ஜெபப் புத்தகமும்.

சரி, எனக்கு முன் பேசிய நண்பர் என்ன சொன்னார்? "விஷின்ஸ்கியின் கை கம்யூனிஸ்டுகளோடு கையெழுத்துப் போட்ட கை" என்றார். கைதட்டல் பலமாக விழுந்தது, நானும் கேட்டேன். கையெழுத்தை வேறு ஆயர்கள் போட்டார்கள், ஆனால் சம்மதம் அவருடையதுதான், ஒத்துக்கொள்கிறேன். 1950 ஏப்ரல் 14 அன்று திருச்சபைக்கும் அரசுக்கும் ஒப்பந்தம் ஆனது. ஏன் சம்மதித்தார்? போர் முடிந்து ஐந்தே வருடம். நாஜிகள் கொன்ற குருக்களுக்குக் கணக்கில்லை, ஊர் ஊராகக் கல்லறை. இன்னொரு ரத்தத்தை அந்த மக்கள் தாங்குவார்களா என்று பார்த்தார். அதற்குப் பெயர் பயமா? பிள்ளைகளை வைத்துக்கொண்டு நெருப்புக்குப் பக்கத்தில் குடியிருக்கும் தகப்பனிடம் போய்க் கேளுங்கள், சொல்வான்.

நண்பர் 1950-லேயே நின்றுவிட்டார், இரண்டு பக்கம் தள்ளிப் படித்திருக்கலாம். 1953 பிப்ரவரியில், திருச்சபைப் பதவிகளுக்கு யாரைப் போடுவது என்பதில் அரசின் சம்மதம் வேண்டும் என்று ஆணை போட்டார்கள். அதே ஆண்டு மே 8, கிராக்கோவில் விஷின்ஸ்கி தலைமையில் ஆயர்கள் அரசுக்கு எழுதினார்கள்: கடவுளுக்கு உரியதைச் சீசரின் பீடத்தில் வைக்க மாட்டோம், நோன் பொசுமுஸ். லத்தீனில் எங்களால் முடியாது என்று அர்த்தம். செப்டம்பரில் கியெல்ட்சே ஆயர் கச்மாரெக்குக்கு 12 வருடச் சிறை. அவரைக் கண்டித்து அறிக்கை விடுங்கள் என்றார்கள், விஷின்ஸ்கி விடவில்லை. தீர்ப்பு வந்து மூன்றாம் நாள் நாய் குரைத்தது! நண்பரே, நீங்கள் குறை சொன்ன கையும் அயோடின் தடவிய கையும் ஒரே கைதான்.

மூன்று வருடம், நான்கு இடங்களில் காவல். 1956 ஆகஸ்ட் 26, செஸ்டகோவா ஊரின் யாஸ்னா கூரா மாதா திருத்தலத்தில் லட்சக்கணக்கில் கூடிய மக்கள், அவர் காவலில் இருந்தபடி எழுதிய வாக்குறுதிகளைச் சொன்னார்கள். மேடையில் அவருடைய நாற்காலி காலி. அதன்மேல் பூங்கொத்து. அந்த நாற்காலியைப் பார்த்து அழுதவர்களிடம், உங்கள் நம்பிக்கையை யார் காத்தது என்று கேட்டால் என்ன சொல்லியிருப்பார்கள்?

வோய்த்திவாவைக் குறைத்துப் பேச எனக்கு மனசு வராது. 455 வருடத்துக்குப் பிறகு இத்தாலியர் அல்லாத திருத்தந்தை. 1978 அக்டோபர் 22, ரோமில் கர்தினால்கள் ஒவ்வொருவராக வந்து முழந்தாளிடுகிறார்கள். 77 வயது விஷின்ஸ்கியும் முழந்தாளிடுகிறார். திருத்தந்தை எழுந்துவிட்டார். அந்தக் கிழவரைத் தூக்கிக் கட்டிக்கொண்டார். சிறைக்கும் துன்பத்துக்கும் பின்வாங்காத உங்கள் விசுவாசம் இல்லையென்றால் இந்தப் பீடத்தில் ஒரு போலந்துக்காரர் இருந்திருக்க மாட்டார் என்று அவரே சொன்னார். இதற்கு மேல் நான் வாதாட வேண்டுமா?

1981 மே 13, ரோமில் திருத்தந்தையைச் சுட்டார்கள். வார்சாவில் விஷின்ஸ்கி புற்றுநோயில் படுத்திருக்கிறார். மே 25, மருத்துவமனைக் கட்டிலுக்கும் மரணக் கட்டிலுக்கும் நடுவே ஒரு தொலைபேசி. சாகிற பெரியவர், குண்டடி பட்ட தன் பிள்ளையிடம் ஆசீர் கேட்கிறார். மூன்றாம் நாள் போய்விட்டார். அடக்கத்துக்கு வர திருத்தந்தையால் முடியவில்லை, இன்னும் மருத்துவமனையில்தானே இருந்தார்.

நடுவர் அவர்களே, அந்தத் தொலைபேசியைப் பிடித்திருந்த கையை ஒரு நிமிடம் நினைத்துக்கொண்டு தீர்ப்பு எழுதுங்கள். வணக்கம்.