கல்லீரலுக்கு மணி சொல்வது யார்?

(திரையில்: பகல் வெளிச்சத்தில் ஒரு சுண்டெலிக் கூண்டு.)

சுண்டெலி இரவில் இரை தேடும் உயிரினம். ஜெனீவா பல்கலைக்கழகத்தில் ஊலி ஷிப்லரின் குழுவினர் அதற்குப் பகலில் மட்டுமே உணவு கொடுத்துப் பார்த்தனர். அதன் கல்லீரலில் இருந்த கடிகாரம், அதாவது செல்களுக்குள் இயங்கும் அன்றாட நேரக் கணிப்பு, நாளுக்கு நாள் நகர்ந்து, இறுதியில் இரவு பகல் தலைகீழாகிவிட்டது. மூளையில் இருந்த கடிகாரமோ வெளிச்சத்தை ஒட்டியே முன்போல் ஓடிக்கொண்டிருந்தது. 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு இது.

(அனிமேஷன்: செல்லின் உட்கரு.)

இத்தகைய கடிகாரம் உடலின் பெரும்பாலான செல்களில் இருக்கிறது. க்ளாக், பிமால்1 என்னும் புரதங்கள் பெர், க்ரை மரபணுக்களை முடுக்கிவிடுகின்றன. அவற்றால் உருவாகும் புரதங்கள் போதிய அளவு சேர்ந்ததும் உட்கருவுக்குள் நுழைந்து அந்த முடுக்கத்தையே தடுக்கின்றன. அவை சிதைந்த பின் சுற்று மறுபடி தொடங்குகிறது. ஒரு சுற்றுக்குச் சுமார் 24 மணி நேரம் பிடிக்கும். 'சுமார்' என்பதில்தான் சிக்கல்: நாள்தோறும் திருத்தாவிட்டால் செல்லுக்குச் செல் வித்தியாசம் கூடிக்கொண்டே போகும்.

திருத்தும் பொறுப்பு, மூளையில் பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பு செல்களுடன் அமைந்துள்ள சுப்ராகயாஸ்மாட்டிக் நியூக்ளியஸ் என்னும் மையத்துக்கு உரியது. விழித்திரையிலிருந்து வெளிச்சச் செய்தி நேராக இங்கு வருகிறது. இங்கிருந்து உறுப்புகளுக்குப் பல வழிகளில் நேரம் போய்ச் சேர்கிறது: தன்னியக்க நரம்புகள், விடியுமுன்பே உயரத் தொடங்கும் கார்டிசால் என்னும் ஹார்மோன், அன்றாடம் சற்றே ஏறி இறங்கும் உடல் வெப்பம், உண்ணும் வேளை.

(திரையில்: ஆய்வகத் தட்டுகளில் திசுத் துண்டுகள்.)

இவற்றில் வெப்பத்தின் கதை சுவையானது. ஜோசப் தகஹாஷியின் குழுவினர் 2010இல், உடலில் இயல்பாக நிகழும் அளவுக்கே வெப்பத்தை ஏற்றி இறக்கியபோது, எலியின் நுரையீரல் திசு அதற்கேற்பத் தன் நேரத்தை மாற்றிக்கொண்டது; மூளையின் அந்த மையம் அசையவில்லை. அதன் நரம்பு செல்களுக்கிடையிலான தொடர்பை மருந்தால் துண்டித்த பிறகே அதுவும் வெப்பத்துக்கு இணங்கியது. தான் அனுப்பும் செய்தியாலேயே தன் நேரம் குழம்பாதிருக்க, அந்த செல்களின் கூட்டுறவே அரணாக நிற்கிறது.

கல்லீரலுக்கு அத்தகைய அரண் இல்லை. உணவு ஒரு பக்கம் இழுக்க, கார்டிசால் வகை ஹார்மோன் மறுபக்கம் பிடித்து நிறுத்துகிறது. அந்த ஹார்மோனை உணரும் ஏற்பி கல்லீரலில் இல்லாத எலிகளில், உணவு நேரம் மாறியதும் கடிகாரம் இன்னும் வேகமாக நகர்ந்தது. மனிதரிடமும் இதன் சாயல் தெரிகிறது. பிரிட்டனின் சர்ரே பல்கலைக்கழகத்தில் 2017இல் வெளியான ஆய்வில், தன்னார்வலர்களின் மூன்று வேளை உணவும் 5 மணி நேரம் தள்ளிப்போடப்பட்டது. இரத்தச் சர்க்கரையின் அன்றாட ஏற்ற இறக்கம் 5 மணி நேரத்துக்கும் மேல் தள்ளிப்போனது. கொழுப்புத் திசுவில் பெர் வகைக் கடிகார மரபணுவான பெர்2-இன் அன்றாட ஏற்ற இறக்கம் ஏறத்தாழ ஒரு மணி நேரம் பின்தங்கியது. இரவில் சுரக்கும் ஹார்மோனான மெலட்டோனினும் கார்டிசாலும் பழைய நேரத்திலேயே இருந்தன.