கிளம்புவதற்கு முன் லெய்டனில்

வணக்கம், நேயர்களே. ரைன் நதியோரமாகத் தனியாகச் சைக்கிளில் போன கதையைச் சொல்லத்தான் என்னை அழைத்தார்கள். மழை, மலையேற்றம், முட்டிவலி எல்லாம் அந்தக் கதையில் உண்டு. ஆனால் இன்றைக்கு எனக்குக் கிடைத்திருக்கிற நேரத்தில் நான் கிளம்பவே போவதில்லை. புறப்படுவதற்கு முன்னால் நெதர்லாந்தின் லெய்டன் நகரத்தில் வேலை எதுவும் இல்லாமல் சுற்றிய நாட்களைப் பற்றித்தான் பேசப்போகிறேன். பயணத்தைவிட அவைதான் எனக்குத் தெளிவாக நினைவிருக்கின்றன.

லெய்டன் என்றதும் நம்மில் பலருக்குச் சோழர் செப்பேடு ஞாபகம் வரும். நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் ஊரை ராஜராஜன் கொடுத்த செய்தி அதில் இருக்கிறது. மொத்தம் 21 ஏடுகள். டச்சுக்காரர்கள் வழியாக அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்துக்குப் போனதால் அவற்றுக்கு லெய்டன் செப்பேடுகள் என்று பெயர் வந்தது. அதை விளக்கத் தகுந்தவர்கள் வேறு இருக்கிறார்கள். நான் போனது ஆற்றுக்காக.

ரைனின் தண்ணீரில் பெரும்பகுதி இப்போது ரோட்டர்டாம் பக்கமாகக் கடலுக்குப் போகிறது. ரோமானியர்கள் தங்கள் பேரரசின் எல்லையாக வைத்திருந்த கிளையோ லெய்டன் வழியாக ஓடி, காட்வைக் என்ற ஊரில் கடலைச் சேர்ந்தது. பிற்காலத்தில் அந்த முகத்துவாரம் மணல் மூடித் தூர்ந்துபோயிற்று. 1807-ல் கால்வாய் வெட்டி, மதகு கட்டித்தான் தண்ணீருக்கு மறுபடியும் வழிவிட்டார்கள். இன்று அது ஊருக்குள் அகலமான வாய்க்கால் அளவுக்குத்தான் இருக்கிறது. பழைய ரைன், புது ரைன் என்று இரண்டு கிளைகள் ஊர் நடுவே ஒன்றுசேர்கின்றன. இங்கிருந்து ஓட்டத்துக்கு எதிராக, ரைன் பிறக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஸ்விட்சர்லாந்தில் இருக்கிற ஓபரால்ப் கணவாய் வரை போவதாக என் திட்டம்.

எவ்வளவு தூரம்? அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ரைனின் நீளம் 1,320 கிலோமீட்டர் என்று கலைக்களஞ்சியங்கள் பல பத்தாண்டுகளாக எழுதிவந்தன. 2010-ல் கொலோன் பல்கலைக்கழக உயிரியலாளர் புருனோ கிரெமர் பழைய நூல்களைப் புரட்டிப் பார்த்து, சரியான கணக்கு 1,230-ஐ ஒட்டித்தான் வரும் என்று சொன்னார். யாரோ எங்கோ இரண்டையும் மூன்றையும் இடம் மாற்றி எழுதிவிட்டார்கள், மற்றவர்கள் அதையே பார்த்து எழுதியிருக்கிறார்கள்! 90 கிலோமீட்டர் என்றால் சுமையோடு மிதிக்கிறவனுக்கு ஒரு முழு நாள் மிச்சம். சைக்கிள் பாதை ஆற்றைவிட அதிகமாக வளைந்து வளைந்து போகும் என்பது வேறு விஷயம்.

சரி, ஏன் உடனே கிளம்பவில்லை? என் சைக்கிளுக்குப் புதுக் கேரியர் மாட்ட வேண்டியிருந்தது. பொருள் வர நாளாகும் என்றார் கடைக்காரர். அதுவரைக்கும் ஓட்டிக்கொள்ளுங்கள் என்று கறுப்பு நிறத்தில் ஒரு நாட்டுச் சைக்கிளைக் கொடுத்தார். கியர் இல்லை, கைப்பிரேக்கும் இல்லை. பெடலைப் பின்னோக்கி அழுத்தினால் வண்டி நிற்கும். சிக்னலில் நின்ற பிறகு பெடலைப் பின்னால் சுற்றி, காலுக்கு வாகாக மேலே கொண்டுவருவது நம் எல்லாருக்கும் பழக்கம். அங்கே அது நடக்காது. நிற்கும்போதே பெடல் சரியான இடத்தில் இருக்கும்படி நிறுத்த வேண்டும். அந்த ஊர்ப் பிள்ளைகள் யோசிக்காமல் செய்வதை நான் தெருத்தெருவாகப் பழகினேன்.

அந்த வண்டியில் வேகமாகப் போக முடியாது. போகவும் யாரும் விடமாட்டார்கள். முன்னால் ஒரு பாட்டி குடை பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்து போவார். அவருக்கு முன்னால், பெட்டி வைத்த சைக்கிளில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஓர் அப்பா. ஒரு மாணவன் ஒரு கையால் ஹேண்டில்பாரையும் மறு கையால் நாற்காலியையும் பிடித்திருப்பான். ஹெல்மெட், இறுக்கமான பந்தய உடை எதுவும் கிடையாது. செம்மண் நிறத் தார்ப் பாதையில் இந்த ஊர்வலம் தன் போக்கில் நகரும். குறுக்குச் சாலையில் வரும் கார், தரையில் வரைந்த வெள்ளை முக்கோணங்களைக் கண்டதும் நின்று வழிவிடும்.

இது அவர்கள் ரத்தத்தில் ஊறியது என்று சிலர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1971-ல் அந்தச் சின்ன நாட்டில் சாலை விபத்தில் 3,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அதில் நானூறுக்கும் அதிகமானோர் குழந்தைகள். குழந்தைக் கொலையை நிறுத்து என்று பெயர் வைத்தே பெற்றோர்கள் தெருவில் இறங்கினார்கள். 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டக்கூடாது என்று அரசே சொன்னது. இந்தப் பாதைகளுக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

புதனும் சனியும் புது ரைன் கரையில் சந்தை கூடும். அங்கேதான் லெய்டன் சீஸ் வாங்கினேன். அதில் சீரகம் போட்டிருப்பார்கள். முதல் கடியிலேயே நம் அடுப்படி வாசனை. வழியில் சாப்பிட ஒரு பெரிய துண்டு வாங்கிவைத்தேன். கிளம்புவதற்குள் தீர்ந்துவிட்டது, மறுபடி வாங்கினேன். மத்தியானங்களில் சுவர்க் கவிதைகளைத் தேடிப் போவேன். 1992-லிருந்து அந்த ஊர்க்காரர்கள் வீட்டுச் சுவர்களில் பல நாட்டுக் கவிதைகளை அந்தந்த மொழியிலேயே பெரிய எழுத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள். நூற்றுக்கும் மேல் இருக்கும். புரியாத எழுத்துக்கு முன்னால் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கொஞ்சநேரம் நிற்பதில் தனிச் சுகம் உண்டு.

சாயங்காலம் காட்வைக் கடற்கரைக்கு ஒரு மிதி. போகும்போது எதிர்காற்று. மேடு இல்லாத நாடு என்று இளக்காரமாக நினைக்காதீர்கள், காற்றுதான் அங்கே மேடு. கடல் தடுப்பணை ஒன்றின் மேல் 8.5 கிலோமீட்டர் எதிர்காற்றில் மிதிக்க ஒரு தேசியப் போட்டியே வைத்திருக்கிறார்கள். எல்லாருக்கும் கியர் இல்லாத ஒரே மாதிரிச் சைக்கிள். பலத்த காற்று வரும் என்று வானிலை அறிக்கை சொன்ன பிறகுதான் தேதியையே அறிவிப்பார்கள். எனக்கு ஆறுதல் என்னவென்றால், அங்கே பெரும்பாலும் வீசுவது தென்மேற்குக் காற்று. கிழக்கே போகிறவனுக்கு முதுகில் கை வைத்துத் தள்ளும்.

இரவில் வரைபடம். அந்த நாட்டில் சைக்கிள் பாதைகள் கூடும் சந்திகளுக்கு எண் போட்டிருக்கிறார்கள். 1995-ல் பக்கத்துப் பெல்ஜியத்தின் லிம்பர்க் பகுதியில் தொடங்கிய முறை இது. ஊர்ப் பெயரே தெரிய வேண்டாம், எண்களை வரிசையாகத் துண்டுச்சீட்டில் எழுதி ஹேண்டில்பாரில் ஒட்டிக்கொண்டால் போதும். மறுநாள் போக வேண்டிய எண்களை எழுதுவேன். அப்புறம் கிளம்பாமல் அந்தச் சீட்டை மடித்து வைத்துவிடுவேன்.

புதுக் கேரியர் வந்து மாட்டியும் ஆயிற்று. அதற்குப் பிறகும் நான் இரண்டொரு நாள் இருந்தேன். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. ஊரிலிருந்து புறப்பட்டபோது எல்லாரும் என்னை வழியனுப்பிய விதத்தில், ஏதோ வீரச்செயல் செய்யப்போகிறோம் என்ற நினைப்பு எனக்கும் ஏறியிருந்தது. லெய்டனில் அது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அறுபது வயதைத் தாண்டிய வீட்டுக்கார அம்மாவிடம் கடைசி நாள் காலையில்தான் சொன்னேன், ஆல்ப்ஸ் வரை தனியாகப் போகிறேன் என்று. பயமில்லையா, ஏன் தனியாக என்றெல்லாம் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் காப்பியை ஊற்றிக்கொண்டே, "அல்ஃபென் வரைக்கும் ஆற்றின் எந்தக் கரையில் போகிறீர்கள்?" என்று கேட்டார். அல்ஃபென், அதே ஆற்றோரம் பக்கத்தில் இருக்கிற ஊர். வடகரை என்றேன். அங்கே ரோட்டை வெட்டிப் போட்டிருக்கிறார்களாம்.

தென்கரையிலேயே போனேன். நன்றி, வணக்கம்.