பேராயரை இறக்கிய மறுநாள்

சபையாரே, 1838 நவம்பரில் ஜெர்மானியப் பகுதியான சாக்சனி நாட்டு லுத்தரன்கள் ஏறத்தாழ 700 பேர் ஐந்து கப்பல்களில் அமெரிக்காவுக்குப் புறப்பட்டார்கள். ‘அமாலியா’ என்ற கப்பல் கரை சேரவே இல்லை. தலைவர், டிரெஸ்டன் போதகர் மார்ட்டின் ஸ்டீபன். 1839 ஜனவரியில் கப்பலிலேயே அவரைப் பேராயராக்கினார்கள். அடுத்த மாதம் மிசிசிப்பி ஆற்றுப் படகில், அவருக்குக் கீழ்ப்படிவோம் என்று கையெழுத்தும் போட்டார்கள். படித்துப் பார்த்துப் போட்டவர்கள் எத்தனை பேரோ! மே 30-ம் தேதி, ஒழுக்கக்கேடு, பொதுப்பணத்தை வாரி இறைத்தது என்ற குற்றங்களுக்காக அவரைப் பதவி நீக்கி, ஆற்றுக்கு அக்கரையில் கொண்டுபோய் விட்டார்கள்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். பேராயரே போன பின்பு நாம் சபைதானா? நம் போதகர்களின் அழைப்பு செல்லுமா? திருவிருந்து செல்லுமா? போதகர்களே தடுமாறினார்கள். முதலில் ஏடுகளைப் புரட்டியவர் கார்ல் ஃபேசே, சட்டம் படித்த ஆவணக் காப்பாளர். இன்னும் இரண்டு சபையாரோடு சேர்ந்து, லூத்தரின் எழுத்துகளிலிருந்தே சபையின் உரிமைகளை எடுத்து அடுக்கினார். போதகர்களுக்கு அது ருசிக்கவில்லை. ஆனால் 1841 ஏப்ரலில், அவர்கள் குடியேறிய மிசோரி மாநிலத்து ஆல்டன்பர்க் ஊர் விவாதத்தில் போதகர் வால்தர் அந்த வழியில்தான் நின்றார்: வசனமும் சாக்கிரமெந்துகளும் (திருமுழுக்கு, திருவிருந்து) உள்ள இடத்தில் சபை உண்டு, போதகரை அழைக்கும் உரிமையும் அதற்கு உண்டு. எதிர்வாதம் செய்த மார்பாக் என்பவரும் போதகர் அல்ல, வழக்கறிஞர். 1847-ல் இந்தச் சபைகளும் சேர்ந்த மிசோரி சினோடு என்ற கூட்டமைப்பு உருவானபோது போதகருக்கு ஒரு ஓட்டு, சபைப் பிரதிநிதிக்கு ஒரு ஓட்டு என்று வைத்தார்கள்.

தலைவரை இறக்கக் கோபம் போதும். மறுநாள் சபையாக நிற்க உபதேசம் தெரிய வேண்டும். நாமோ ஞானோபதேசத்தைத் திடப்படுத்தலோடு பரணில் போட்டுவிடுகிறோம்.

லுத்தரன் சபைகளின் அடிப்படை அறிக்கையான அவுக்ஸ்புர்க் விசுவாச அறிக்கையில் 28 பிரிவுகள். முதலில் நான்கை எடுங்கள்: ஊழியம் எதற்கு என்னும் 5, சபை எது என்னும் 7, முறையாக அழைக்கப்படாதவர் பொதுவில் போதிக்கலாகாது என்னும் 14, பேராயர் அதிகாரம் எதுவரை என்னும் 28. கூடிப் படிக்க ஐந்தாறு பேர், வாரம் ஒரு மணி நேரம் போதும். ஒருவர் உரக்க வாசிக்கட்டும். மற்றவர்கள் ஆதார வசனங்களை வேதாகமத்தில் தேடட்டும். 5, 7, 14 சில வரிகள்தான். 28 மிக நீளம், மூன்று வாரமாகப் பிரியுங்கள். போதகரையும் கூடப் படிக்க அழையுங்கள், பிரசங்கத்துக்கு அல்ல.

28-ஐ மட்டும் படித்தால் அது போதகரை அடிக்கும் கம்பாகிவிடும். 14-ஐ மட்டும் படித்தால் போதகரின் கேடயமாகிவிடும். சபைத் தேர்தலுக்கு முன் தொடங்கினாலோ படிப்பு போய் ஆள் சேர்ப்பு வந்துவிடும். தேர்தல் முடிந்த வாரத்தில் தொடங்குங்கள்.