மெஷின் நெட்வொர்க்கில் ஆபீஸ் கேபிள்: மூன்று மணி நேரத்தைத் தின்ற ஒரு டிக்

வணக்கம் நண்பர்களே! தொடர்ந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும், மெஷினின் கட்டுப்பாட்டுப் பேனலைத் திறந்ததும் என் கண் முதலில் நெட்வொர்க் சுவிட்சுக்குத்தான் போகும். இந்த வாரம் பார்த்தது திடீரென்று நின்றுபோன ஒரு மெஷினின் பேனல். அதில் சாதாரண ஐந்து போர்ட் சுவிட்ச். மெஷினை இயக்கும் கணினியான பிஎல்சி, மோட்டார்களைக் கட்டுப்படுத்தும் இரண்டு டிரைவ், ஆபரேட்டரின் திரையான ஹெச்எம்ஐ. ஐந்தாவது போர்ட்டில் லேபிளே இல்லாத ஒரு நீலக் கேபிள். அது நேராக ஆபீஸுக்குப் போகிறது! உற்பத்திக் கணக்கு எடுக்க யாரோ செருகியிருக்கிறார்கள். எனக்கு வந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

மெஷின் ஏன் நின்றது தெரியுமா? மீட்டிங் அறையில் ஒருவர் ஒரே கேபிளின் இரண்டு முனைகளையும் ஒரே சுவிட்சில் செருகிவிட்டார். பிராட்காஸ்ட், அதாவது எல்லாக் கருவிகளுக்கும் போகும் தகவல், சுற்றிச் சுற்றிப் பெருகி, நீலக் கேபிள் வழியாகப் பேனலுக்குள் கொட்டியது. டிரைவ்கள் பிஎல்சியோடு புரோஃபிநெட் என்ற தொழிற்சாலை நெட்வொர்க் முறையில் பேசுகின்றன. 2 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை தகவல் வர வேண்டும், தொடர்ந்து மூன்று முறை வராவிட்டால் தொடர்பு அறுந்ததாக எடுத்துக்கொள்ளும். 6 மில்லிசெகண்டில் கதை முடிந்தது. மின்னஞ்சல் அரை நொடி தாமதமானால் யாருக்கும் தெரியாது, மெஷின் அப்படி இல்லை.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. அதே லைனில் மின்சார மீட்டர் மோட்பஸ் டிசிபி என்ற தொடர்பு முறையில் பேசுகிறது. மோட்பஸ் 1979இல் வந்தது, அதில் பாஸ்வேர்டு என்ற பேச்சே இல்லை. அது பயன்படுத்தும் 502ஆம் போர்ட்டை (இது கேபிள் செருகும் துளை இல்லை, மென்பொருள் வாசலின் எண்) எட்டத் தெரிந்த யாரும் ரெஜிஸ்டரில், அதாவது கருவி தன் மதிப்புகளை வைத்திருக்கும் இடத்தில், எழுதலாம்.

ஆலையைக் கண்காணிக்கும் ஸ்காடா கணினியில் மெஷின் பக்கம் ஒன்று, ஆபீஸ் பக்கம் ஒன்று என இரண்டு நெட்வொர்க் கார்டு போட்டால் போதாதா என்று போன வீடியோவில் பலர் கேட்டிருந்தீர்கள். எனக்கு அது சுத்தமாகப் பிடிக்காது. அந்த ஒரு கணினியில் வைரஸ் புகுந்தால் இரண்டு பக்கமும் அதன் கையில். ஒரே சுவிட்சை விஎல்ஏஎன் என்ற தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பிரித்தாலும் அப்படித்தான். இரண்டுக்கும் நடுவில் சுவிட்சே தடையில்லாமல் தகவலை ரூட் செய்து கடத்தினால் பிரித்து என்ன பயன்?

நான் செய்தது இதுதான். மெஷினுக்கும் ஆபீஸுக்கும் நடுவில் முகவரியை மாற்றிக் கொடுக்கும் என்ஏடி வசதியுள்ள ஃபயர்வால். ஒரே தயாரிப்பாளரின் நான்கு மெஷின்கள், நான்கிலும் பிஎல்சி முகவரி 192.168.0.1தான். உள்ளே எதையும் மாற்றாமல், வெளியில் ஒவ்வொன்றுக்கும் வேறு முகவரி கொடுத்தேன்.

சரி, முதல் மெஷினுக்கு ஆபீஸ் பக்கத்திலிருந்து, 'இருக்கிறாயா' என்று கேட்கும் பிங் அடித்தேன். பதில் இல்லை. லேப்டாப்பைப் பேனலிலேயே செருகினால் உடனே பதில் வருகிறது! ஃபயர்வால் விதிகளை மூன்று முறை அழித்து எழுதினேன், கேபிளை மாற்றினேன். நெட்வொர்க்கில் போகும் தகவலைக் காட்டும் வயர்ஷார்க்கில் பார்த்தால் கேள்வி பிஎல்சி வரை போகிறது, பதில்தான் கிளம்பவில்லை. மூன்று மணி நேரம் கழித்து பிஎல்சியின் ஹார்டுவேர் அமைப்பைத் திறந்தேன். 'ரூட்டரைப் பயன்படுத்து' என்ற கட்டத்தில் டிக் இல்லை. கேட்வே, அதாவது வெளியே போகும் வாசலின் முகவரி, காலி! தன் நெட்வொர்க்குக்கு வெளியே இருப்பவருக்குப் பதிலை எந்த வழியில் அனுப்புவது என்று பிஎல்சிக்குத் தெரியவில்லை. டிக் போட்டு, முகவரி கொடுத்து, டவுன்லோடு செய்தேன். முதல் பதில் வந்தபோது கைதட்டிவிட்டேன்.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். அந்த டவுன்லோடுக்கு பிஎல்சி ஸ்டாப்புக்குப் போகும். ஷிஃப்ட் மாறும்போது, லைன் நின்றிருக்கையில்தான் செய்தேன். ஓடும் மெஷினில் கை வைக்காதீர்கள்.

மற்ற மூன்றின் புரோகிராமும் பூட்டியிருந்தது. அங்கே அனுப்புபவரின் முகவரியையும் ஃபயர்வாலே மாற்றும்படி வைத்தேன். பக்கத்தில் இருப்பவர்தான் கேட்கிறார் என்று நினைத்து பிஎல்சி பதில் தருகிறது, கேட்வேயே தேவையில்லை. ஆனால் உண்மையில் யார் கேட்டார் என்பது பிஎல்சிக்குத் தெரியாமல் போகும். அதனால் புரோகிராம் என் கையில் இருந்தால் கேட்வே வழியைத்தான் எடுப்பேன்.

இன்னொன்று, ஆபீஸ் மென்பொருள் இனி பிஎல்சியை நேரடியாகத் தொடாது. ஆலை நெட்வொர்க்கை நிலைகளாகப் பிரிக்கும், 1990களில் வந்த பர்டியூ மாதிரியில் 3ஆம் நிலை ஆலை, 4ஆம் நிலை அலுவலகம். நடுவில் நாம் 3.5 என்று சொல்லும் டிஎம்இசட் என்ற இடைப்பகுதியில் ஒரு சர்வர் வைத்திருக்கிறேன். அது பிஎல்சியிடம் ஓபிசி யுஏ என்ற தொடர்பு முறை வழியாக, 4840ஆம் போர்ட்டில் மட்டும் கேட்டு வாங்கும், ஆபீஸ் அதனிடம் கேட்கும். அந்த மின்சார மீட்டருக்கு இன்னும் விதி எழுதவில்லை. நாளை காலை முதல் வேலை அதுதான், நீலக் கேபிளை இன்றே கழற்றிவிட்டேன்.