மூன்றாவது நாற்காலி

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்க அதிபராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் என்றால் பலருக்கும் டெடி பேர் பொம்மைதான் ஞாபகம் வரும். ஆமாம், அந்த ‘டெடி’ இவர்தான். 1902 நவம்பரில் மிசிசிப்பிக் காட்டில், கட்டிப்போட்ட கரடியைச் சுடமாட்டேன் என்றார். பத்திரிகையில் கேலிச்சித்திரம் வந்தது, கடைக்குப் பொம்மை வந்தது. அதை விட்டுவிடுவோம். நான் பேச வந்தது அதற்கு ஒரு மாதம் முன்னால் நடந்த சங்கதி.

பஸ் ஸ்டிரைக், மில் ஸ்டிரைக் என்றால் செய்தியில் ஒரு சொல் கேட்பீர்கள்: முத்தரப்புப் பேச்சுவார்த்தை. முதலாளி ஒரு பக்கம், தொழிலாளி ஒரு பக்கம், நடுவில் அரசாங்கம். அமெரிக்காவில் அந்த மூன்றாவது நாற்காலியில் அதிபரே வந்து உட்கார்ந்தது 1902இல்தான். அதற்கு முன்னாலும் வேலைநிறுத்தங்களில் அரசாங்கம் தலையிட்டதுண்டு. 1894 ரயில்வே வேலைநிறுத்தத்தில் அதிபர் கிளீவ்லண்ட் தலையிட்டார், பட்டாளத்தை அனுப்பி.

ரூஸ்வெல்ட் அதிபரானதே எதிர்பாராத விதமாகத்தான். 1901 செப்டம்பரில் பஃபலோ கண்காட்சியில் அதிபர் மெக்கின்லியைச் சுட்டுவிட்டார்கள். பிழைத்துவிடுவார் என்று டாக்டர்கள் சொன்னதை நம்பித் துணை அதிபராக இருந்த ரூஸ்வெல்ட் மலையேறப் போய்விட்டார். அங்கே ஆள் தேடிவந்து தந்தி கொடுக்க, ராத்திரியோடு ராத்திரியாகக் குதிரை வண்டியில் மலையிறங்கி ஸ்டேஷனுக்கு வந்தால், மெக்கின்லி போய்விட்டார் என்று சேதி. இவருக்கு வயது 42. இன்றுவரை அதைவிடச் சின்ன வயதில் யாரும் அமெரிக்க அதிபரானதில்லை.

சரி, நிலக்கரிக்கு வருகிறேன். பென்சில்வேனியாவில் ஆந்திரசைட் என்று கெட்டியான ஒரு கரி. புகை அதிகம் வராது. நமக்கு காஸ் சிலிண்டர் எப்படியோ, கிழக்குப் பக்க நகரங்களில் குளிர்காலத்துக்கு அந்தக் கரி அப்படி. 1902 மே மாதம் ஏறக்குறைய 1,40,000 சுரங்கத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். 20 சதவீதக் கூலி உயர்வு, 8 மணி நேர வேலை, சங்கத்துக்கு அங்கீகாரம். சுரங்கங்கள் பெரும்பாலும் ரயில் கம்பெனிகள் கையில். சங்கத்தோடு பேசவே மாட்டோம் என்றார்கள். அக்டோபர் வந்துவிட்டது, குளிர் வாசலில் நிற்கிறது, வீட்டில் கரி இல்லை.

அக்டோபர் 3ஆம் தேதி இரண்டு தரப்பையும் ரூஸ்வெல்ட் கூப்பிட்டார். மூன்றாவது நாற்காலி என்றேனே, அது சக்கர நாற்காலி! ஒரு மாதம் முன்பு அவர் போன கோச் வண்டியில் டிராம் மோதி, காவலர் ஒருவர் இறந்துபோனார். அதிபருக்குக் காலில் அடி. அன்று சங்கத் தலைவர் ஜான் மிட்செல் பணிவாகப் பேசினார். முதலாளிகளோ அவர் பக்கம் திரும்பவே இல்லை. முத்தரப்பில் இரண்டு தரப்பு முகம் கொடுத்துப் பேசவில்லை!

சுரங்கத்தில் கைவைக்க அதிபருக்குச் சட்டத்தில் நேரடி அதிகாரம் கிடையாது. ஆனாலும் ராணுவத்தைக் கொண்டு சுரங்கங்களை நடத்த ரகசியமாக ஏற்பாடு செய்துகொண்டு, போர் அமைச்சர் ரூட்டைப் பணமுதலை ஜே.பி. மார்கனிடம் தூது அனுப்பினார். மார்கன் சொன்னதும் முதலாளிகள் இறங்கிவந்தார்கள். தகராறைத் தீர்த்துவைக்க ஆணையம் அமைக்கலாம், ஆனால் யார் யார் உறுப்பினர் என்று நாங்கள் சொல்வோம் என்றார்கள். ராணுவப் பொறியாளர் ஒருவர், சுரங்கப் பொறியாளர் ஒருவர், நீதிபதி ஒருவர், கரி வியாபாரம் தெரிந்தவர் ஒருவர், சமூகவியல் அறிஞர் ஒருவர். தொழிலாளி தரப்பில்? ஒருத்தரும் இல்லை.

இந்த இடத்தை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது. தொழிற்சங்கத்துக்காரர் ஒருவரைச் சேர்க்கவேண்டும் என்றார் ரூஸ்வெல்ட். முடியவே முடியாது, நாடு என்ன ஆனாலும் சரி என்றார்கள். ராத்திரி வெகுநேரம் இழுபறி. பேசிப் பேசித்தான் அவருக்கு விஷயம் பிடிபட்டது: ஆள் யார் என்பது பற்றி இவர்களுக்கு ஆட்சேபம் இல்லை, ‘தொழிற்சங்கம்’ என்ற பேர்தான் உறுத்துகிறது! உடனே ரயில்வே கண்டக்டர்கள் சங்கத் தலைவர் கிளார்க்கைப் பிடித்து, சமூகவியல் அறிஞர் என்ற கட்டத்தில் போட்டார். ஆமாம், சங்கத் தலைவர்தான், கட்டத்தின் பேர்தான் வேறு. முதலாளிகள் சம்மதித்தார்கள்! இந்த வேடிக்கையை ரூஸ்வெல்ட் தன் சுயசரிதையிலும் எழுதிவைத்திருக்கிறார்.

1903 மார்ச்சில் தீர்ப்பு. கூலி 10 சதவீதம் கூடியது, 10 மணி நேர வேலை பலருக்கு 9 ஆனது. சங்க அங்கீகாரம் மட்டும் கிடைக்கவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள். பனாமா கால்வாய்க் கதைக்கு அரை மணி கேட்டிருந்தேன், போச்சு. 1906இல் உணவுக் கலப்படச் சட்டம், ரஷ்யா–ஜப்பான் சமாதானத்துக்காக நோபல் பரிசு. அப்புறம் வெள்ளைச் சாயம் பூசிய 16 போர்க்கப்பல்களை உலகம் சுற்ற அனுப்பினார், 1908 டிசம்பரில் அவை நம் பக்கத்துக் கொழும்புக்கும் வந்தன. அத்தனையும் கரியில் ஓடியவை. வழியில் அந்தக் கரியைக் கொண்டுவந்து கொடுத்ததோ பெரும்பாலும் பிரிட்டிஷ் கப்பல்கள், அது தனிக் கூத்து... முடித்துக்கொள்ளச் சொல்கிறார்கள். வணக்கம்.