பத்துமலைக்கு மின்படிக்கட்டு வரட்டும்

நடுவர் அவர்களே, அரங்கில் இருக்கும் கோலாலம்பூர்த் தமிழ் உறவுகளே, வணக்கம். பத்துமலை முருகன் குகைக் கோயிலுக்கு மின்படிக்கட்டு, அதாவது எஸ்கலேட்டர், தேவையா என்பது தலைப்பு. தேவை என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் இப்போதுதான் சொல்லிவிட்டு அமர்ந்தார், 272 படியை மூச்சு வாங்க ஏறுவதுதான் நம் மரபு, அதில் கை வைக்காதீர்கள் என்று. சரி, அந்தப் படிக்கு என்ன வயது? தம்புசாமிப் பிள்ளை அங்கே கோயில் அமைத்து, 1892 முதல் தைப்பூசமும் நடக்கத் தொடங்கிவிட்டது. மரப்படி வந்ததோ 1920இல், சிமெண்டுப் படி 1940இல். அதுவரை மலையில் தட்டுத்தடுமாறி ஏறியவர்களுக்கு அந்த மரப்படியே பெரிய வசதிதான். ஏற முடியாதவர்களும் ஏறட்டும் என்பதைத் தவிர வேறு எதற்காக ஐயா படி கட்டுவார்கள்?

இயந்திரம் வந்தால் யாரும் நடக்க மாட்டார்கள் என்றார் அடுத்து வந்த தோழி. பழனியைப் பாருங்கள் அம்மா. 1966இலேயே விஞ்ச், 2004இல் ரோப் கார். தைப்பூசத்துக்குப் பாதயாத்திரை நின்றுவிட்டதா? திருமலைக்கு பஸ் போகிறது, அலிபிரி படியில் இன்றும் கூட்டம்தான்.

நேர்த்திக்கடன் நாமாக ஏற்றுக்கொள்வது. காவடி எடுப்பவர் விரதமிருந்து, வேண்டிக்கொண்டு ஏறுகிறார். முட்டி தேய்ந்துபோன என் அம்மா எதை வேண்டிக்கொண்டு கீழேயே நிற்கிறார்? 140 அடி முருகன் சிலை அருகே உட்கார்ந்துகொண்டு, அர்ச்சனைத் தட்டை எங்கள் கையில் கொடுத்து, செருப்பை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் போய் வாருங்கள் என்பார், நாங்கள் திரும்பி வந்ததும் திருநீற்றை வாங்கிப் பூசிக்கொண்டு, இன்று என்ன அலங்காரம் என்று விசாரிப்பார். இளமையில் அவரும் அந்தப் படியில் ஏறியவர்தானே!

சுண்ணாம்புப் பாறையைத் துளைத்தால் ஆபத்து என்ற பயத்தை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். 2018இல் படிக்கு வர்ணம் பூசியபோது, அனுமதி பெறவில்லை என்று தேசியப் பாரம்பரியத் துறை கேள்வி எழுப்பியது எல்லோருக்கும் தெரியும். அதனால் பாறையை நிபுணர்கள் ஆராய்ந்து, துறையும் எழுத்தில் ஒப்புதல் தந்த பிறகே வேலை தொடங்கட்டும், இப்போதுள்ள படிக்கட்டை யாரும் தொட வேண்டாம். அப்புறம், சக்கர நாற்காலியில் வருபவருக்கு மின்படிக்கட்டு உதவாது, மின்தூக்கிதான் வேண்டும். அதையும் சேர்த்தே எங்கள் அணி கேட்கிறது, நடுவர் அவர்களே.