பிரேக் மிதித்தால் வண்டி ஏன் உதறுகிறது?

வணக்கம் நேயர்களே. நான் கார் பட்டறைக்காரன். மைக் முன்னால் உட்கார்ந்து பேசிப் பழக்கமில்லை. அதனால் நான் செய்த ஒரு தப்பிலிருந்தே தொடங்கிவிடுகிறேன், அதுதான் எனக்கு நன்றாகத் தெரிந்த கதை.

தொழிலுக்கு வந்த புதிது. ஓர் அம்மா தன் காரைக் கொண்டுவந்து விட்டார். "தம்பி, 80ஐத் தாண்டிப் போகும்போது பிரேக் பிடிச்சா ஸ்டியரிங் கையைப் போட்டு உதறுது" என்றார். நான் யோசிக்கவே இல்லை. "டிஸ்க் பெண்டும்மா", அதாவது வளைந்துவிட்டது என்று சொல்லிவிட்டு, முன்சக்கரம் இரண்டுக்கும் புது டிஸ்க், புது பேடு மாட்டி அனுப்பினேன். டிஸ்க் என்பது சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுகிற இரும்புத் தட்டு; பிரேக் மிதித்தால் அதை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிப்பது பேடு. உதறல் சுத்தமாகப் போய்விட்டது. எனக்கும் பெருமை தாங்கவில்லை. சுமார் 6,000 கிலோமீட்டர் ஓடியிருக்கும். அதே அம்மா, அதே கார், அதே உதறல். சாவியை மேசையில் வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "போன தடவை அதைச் சரி பண்ணினீங்களா, இல்லை தூங்க வச்சீங்களா?"

அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துகொண்ட கதையை அப்புறம் சொல்கிறேன். அதற்கு முன், உங்கள் வண்டி உதறினால் நீங்கள் கவனிக்க வேண்டியது சில இருக்கிறது.

பிரேக்கில் கால் வைக்காமலே ஒரு குறிப்பிட்ட வேகத்தில் வண்டி ஆடுகிறதா? அப்படியானால் அது பிரேக் சமாச்சாரமே இல்லை. டயர், வீல் பேலன்சிங், ரிம்மில் நெளிவு, அந்தப் பக்கம் பாருங்கள். மழையில் சட்டென்று ஓங்கி மிதிக்கும்போது பெடல் காலுக்கடியில் தடதடவென்று குதித்தால் அது ஏபிஎஸ், அதாவது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற அமைப்பு, வேலை செய்கிற சத்தம். பயந்துபோய்க் காலை எடுத்துவிடாதீர்கள். ஆனால் காய்ந்த சாலையில், வண்டி மெல்ல ஊர்ந்து நிற்கப்போகிற நேரத்தில் அதே தடதடப்பு வந்தால், சக்கர வேகத்தைக் கணக்கெடுக்கும் சென்சாரையும் அது படிக்கிற பல் வளையத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது, மிதித்தால் மட்டும் வருகிற உதறல். எங்கே தெரிகிறது என்று கவனியுங்கள். கையில், அதாவது ஸ்டியரிங்கில் தெரிந்தால் பெரும்பாலும் முன்சக்கரம். உட்கார்ந்திருக்கிற சீட்டில், இடுப்பில் தெரிந்தால் பின்சக்கரம். சந்தேகமாக இருந்தால், கையால் இழுக்கிற கை பிரேக் உள்ள வண்டியில் ஒரு சோதனை உண்டு. ஆள் நடமாட்டம் இல்லாத, நேரான, காய்ந்த சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, லிவர் நுனியில் உள்ள பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே மெல்ல இழுங்கள். விரலைப் பொத்தானிலிருந்து எடுக்கவே கூடாது, எடுத்தால் பூட்டிக்கொள்ளும். பெரும்பாலான வண்டிகளில் கை பிரேக் பின்சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும் என்பதால், உதறினால் கோளாறு பின்னால். சில வண்டிகளில் கை பிரேக்குக்கென்று பின் டிஸ்க்கின் நடுவிலேயே தனியாக ஒரு சின்ன டிரம் (உள்ளேயிருந்து அழுத்திப் பிடிக்கிற உருளை பிரேக்) இருக்கும். அங்கே இந்தச் சோதனை டிஸ்க்கைப் பற்றி எதுவும் சொல்லாது. சுவிட்சைத் தட்டினால் வேலை செய்கிற மின்சார கை பிரேக்கில் இதைச் செய்து பார்க்கவே வேண்டாம்.

இன்னொன்று. பலர் என்னிடம், "90ல் உதறுது, 50ல் ஒண்ணுமே இல்லை, அப்போ பெரிய கோளாறு இல்லைதானே?" என்று கேட்பார்கள். சாதாரணக் காரின் டயர் ஒரு சுற்றுக்கு 1.9 மீட்டர் போல ஓடும். 100 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்குப் பதினாலு, பதினைந்து சுற்று. டிஸ்க்கில் ஒரு இடத்தில் குறை இருந்தால் நொடிக்கு அத்தனை தட்டு. ஊஞ்சலை அது வந்து போகிற நேரம் பார்த்துத் தள்ளினால்தானே உயரமாகப் போகும்? அதுபோல சஸ்பென்ஷனும் ஸ்டியரிங்கும் தமக்கென்று ஒரு தாளத்தில் ஆடக்கூடியவை. தட்டுகிற தாளமும் அந்தத் தாளமும் ஒத்துப்போகிற வேகத்தில் உதறல் பெரிதாகிறது. 50ல் குறை எங்கேயும் போகவில்லை, தாளம் சேரவில்லை, அவ்வளவுதான். சக்கரத்தைத் தாங்கிப் பிடிக்கிற லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் கிழிந்திருந்தாலோ, சக்கரத்தைச் சஸ்பென்ஷனோடும் ஸ்டியரிங்கோடும் இணைக்கிற பால் ஜாயின்ட், டை ராடு முனைகளில் ஆட்டம் இருந்தாலோ சின்னத் தட்டும் பெரிய உதறலாகிக் கைக்கு வரும்.

சரி, டிஸ்க்கில் அப்படி என்னதான் குறை? இங்கேதான் எங்கள் தொழிலில் எல்லோருடைய வாயிலும் இருக்கிற 'பெண்டு' என்ற சொல்லோடு எனக்குச் சண்டை. டிஸ்க் வார்ப்பிரும்பு. தகரம் மாதிரி அது சுலபத்தில் வளைகிற சாமான் கிடையாது. பெடலில் தெரிகிற அந்தத் துடிப்புக்குக் காரணம் பெரும்பாலும் டிஸ்க்கின் தடிப்பு இடத்துக்கு இடம் மாறுவது. மெல்லிய இடம் வரும்போது பேடை அழுத்துகிற பிஸ்டன் முன்னே போகிறது, தடித்த இடம் வரும்போது பின்னே தள்ளப்படுகிறது. அந்தத் தள்ளல் பிரேக் ஆயில் வழியாகப் பெடலுக்கு ஏறி உங்கள் காலுக்கு வருகிறது. எவ்வளவு வித்தியாசம் இருந்தால் தெரியும் தெரியுமா? மில்லிமீட்டரை நூறாகப் பிரித்தால் அதில் ஒன்றரை, இரண்டு பங்கு போதும். தலைமுடி இதைவிட மூன்று நான்கு மடங்கு தடிப்பு. கண்ணால் பார்த்து, விரலால் தடவி "டிஸ்க் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. மைக்ரோமீட்டர் என்கிற நுண் அளவுக் கருவியை வைத்து, டிஸ்க்கைச் சுற்றி எட்டு இடத்திலாவது அளந்து பார்க்க வேண்டும்.

தடிப்பு ஏன் மாறுகிறது? ஒரு வழி, சூடு. மலை இறக்கத்தில் கியரைக் குறைக்காமல் பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கி, டிஸ்க் கொதிக்கிற நேரத்தில் வண்டியை நிறுத்திப் பெடலை அழுத்தியபடியே நிற்கிறோம். பேடு அந்த இடத்தில் தன் பூச்சைக் கொஞ்சம் ஒட்டிவிட்டுப் போகும். உற்றுப் பார்த்தால் பேடு வடிவத்திலேயே ஒரு நிழல் தெரியும். சூடு இன்னும் மீறினால் டிஸ்க்கில் நீலப் புள்ளிகள் விழும். அந்த இடத்தில் இரும்பே இறுகிப்போய் மற்ற இடத்தைவிடக் கடினமாகிவிடும். அதை லேத்தில் கடைந்தாலும், மற்ற இடம் தேய்ந்து இது மட்டும் மேடாக நின்று, உதறல் திரும்பி வரும். அப்படிப்பட்ட டிஸ்க்கை மாற்றிவிடுவதே நல்லது.

இன்னொரு வழிதான் அந்த அம்மாவின் காரில் நடந்தது. அன்றைக்கு எங்கள் பட்டறையின் பெரியவர் என்னை நகரச் சொல்லிவிட்டு, டயல் கேஜை, அதாவது நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டுகிற கருவியை, எடுத்தார். வீல் நட்டுகளை வெறும் டிஸ்க்கின்மேலேயே வாஷர் போட்டு முடுக்கினார், டிஸ்க் ஹப்பில், அதாவது சக்கரம் மாட்டுகிற நடுப்பாகத்தில், ஒட்டி உட்கார வேண்டும் என்பதற்காக. கேஜின் முனையை டிஸ்க்கின் வெளி விளிம்புக்குக் கொஞ்சம் உள்ளே வைத்து, கையால் மெல்லச் சுற்றினார். முள் போய் வந்தது: மில்லிமீட்டரை நூறாகப் பிரித்தால் அதில் 12 பங்கு. நூறில் 5ஐத் தாண்டினாலே பல வண்டிகளுக்கு அதிகம். டிஸ்க்கைக் கழற்றி, அது உட்கார்கிற ஹப் முகத்தில் விரலை ஓட்டினார். ஓர் இடத்தில் விரல் நின்றது. துரு. நொய் அரிசி அகலத்துக்கு ஒரு செதில், சூடுபட்டு இறுகிக் கிடந்தது. நான் புது டிஸ்க்கை அதன்மேலேயே மாட்டியிருக்கிறேன்! கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, டிஸ்க்கை மறுபடி மாட்டிச் சுற்றினார். முள் நூறில் 3க்கு மேல் போகவில்லை.

"டிஸ்க் மேல பழி போடாதடா, அது உட்கார்ந்த இடத்தைப் பாரு" என்றார்.

நடுவில் இருக்கும் செதில், விளிம்புக்குப் போகும்போது ஏறக்குறைய இரண்டு மடங்கு சாய்வாகிறது. வேடிக்கை என்னவென்றால், இந்தச் சாய்வு முதல் நாளே உதறலாகத் தெரியாது. பேடைத் தாங்குகிற காலிப்பர் டிஸ்க்கோடு சேர்ந்து அப்படியும் இப்படியும் நகர்ந்து கொடுத்துவிடும். அதனால்தான் நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் பிரேக் மிதிக்காத நேரத்தில், சாய்ந்த அந்த ஒரு இடம் மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் பேடைத் தொட்டுவிட்டுப் போகும். ஒரு கிலோமீட்டருக்குச் சக்கரம் 500 தடவைக்கு மேல் சுற்றுகிறது. 6,000 கிலோமீட்டரில் 30 லட்சம் தொடுதல். அந்த இடம் மெல்லத் தேய்ந்து இளைக்கிறது. தடிப்பு மாறிவிட்டது. உதறல் விழித்துக்கொண்டது. மிதிக்காத நேரத்தில்தான் டிஸ்க் கெடுகிறது என்பதை நான் அதுவரை நினைத்துப் பார்த்ததே இல்லை.

துருச் செதில் செய்கிற வேலையை வீல் நட்டும் செய்யும். ஏர் கன்னை வைத்து ஒரு நட்டை இறுக்கி, அடுத்ததைச் சுமாராக விட்டால் டிஸ்க் கோணலாக உட்காரும். நட்டுகளை வரிசையாக இல்லாமல் எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில், கடைசிச் சுற்றை இறுக்கத்தை அளந்து முடுக்குகிற டார்க் ரெஞ்சால், வண்டியின் புத்தகத்தில் போட்டிருக்கிற அளவுக்கு முடுக்க வேண்டும். பஞ்சர் போட்டோ டயர் மாற்றியோ சில மாதம் கழித்து உதறல் வந்தால், அந்தத் தேதியை மறக்காமல் மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். எங்களுக்கு அது பெரிய துப்பு.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காலிப்பர் நகர்ந்து கொடுக்கிற கம்பி (பின்) இறுகிப்போனால் ஒரு பேடு மட்டும் தேயும், ஒரு சக்கரம் மட்டும் சுடும். ஓட்டி நிறுத்தியதும் ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோனாலே தெரியும், தொட வேண்டாம். ஹப் பேரிங் தேய்ந்திருந்தால் எவ்வளவு துடைத்தாலும் ஆட்டம் போகாது. பின்னால் டிரம் பிரேக் என்றால் டிரம் வட்டம் மாறியிருக்கலாம். டிஸ்க்கைக் கடைசலுக்குக் கொடுத்தால், அதன்மேலேயே பொறித்திருக்கிற குறைந்தபட்சத் தடிப்புக்குக் கீழே போகக் கூடாது.

நான் இதுவரை சொன்னதெல்லாம் மெல்ல மெல்ல வளர்கிற உதறல். நேற்று வரை ஒன்றுமில்லை, இன்று திடீரென்று உதறுகிறது, ஒரு பக்கம் இழுக்கிறது, டொக்கென்று சத்தம் வருகிறது, பெடல் பள்ளத்தில் இறங்குகிற மாதிரி இறங்குகிறது என்றால் பட்டறை வரைக்கும்கூட ஓட்டாதீர்கள். ஓரமாக நிறுத்தி முதலில் வீல் நட்டுகளைப் பாருங்கள். நட்டோ காலிப்பர் போல்ட்டோ கழன்றிருந்தால் அடுத்த வளைவு வரைக்கும் அது பொறுக்காது.

அந்த அம்மாவின் டிஸ்க்கை லேசாகக் கடைந்து, சுத்தமான ஹப்பில் மாட்டிக் கொடுத்தோம். கூலி வாங்கவில்லை, கேட்க முகமும் இல்லை. கழற்றிய செதிலை உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். "இதுக்கா ரெண்டு டிஸ்க் வாங்கினேன்?" என்றார். உதறல் அதற்கப்புறம் வரவில்லை. அந்த அம்மா வந்தார், பல வருஷம். ஆயில் மாற்ற வந்தாலும் சரி, வைப்பர் மாற்ற வந்தாலும் சரி, சாவியைக் கையில் வாங்குமுன் என்னைப் பார்த்து ஒரு தடவை கேட்டுவிடுவார்: "ஹப்பைத் துடைச்சீங்களா, தம்பி?"

நன்றி, வணக்கம்.